ஒன்பதா, ஐந்தா

பிப்ரவரி 2

மிளகு அப்பாவுக்கு,

இன்று ஏழு மணிக்கு நீங்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்றீர்கள். நானும் "இங்கயும்தான்" என்றேன். இரண்டும் பொய் என்று இருவருக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஏற்பாட்டை நான் மீறவில்லை. சண்டைக்கு வழி இருக்கிற எதையும் காகிதத்தில் வைத்துக்கொள்வது, தொலைபேசியை மிளகுக்கு விட்டுவிடுவது. மறுபடி கல்லூரிக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று சமையலறையில் நாம் கத்திய கத்தல், மறுநாள் காலையில் அவள் வாயை அடைத்துவிட்டது. அவளுக்கு வயது ஐந்து. அதன்பின் ஒரு சொல் இல்லை. அவள் எதிரில் இனிக் குரலை உயர்த்துவதில்லை என்று பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் நாம் இருவரும் தலையாட்டிவிட்டுத்தானே வந்தோம்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மீதியிருப்பது ஒன்பது பாடங்கள். கல்யாணத்துக்கு முன்பு படித்துத் தேறியவை செல்லுபடியாக வேண்டுமானால் இந்த செமஸ்டரும் அடுத்த செமஸ்டரும் முடிவதற்குள் இந்த ஒன்பதையும் முடித்தாக வேண்டும். கெடு தாண்டினால் பழையதும் சேர்ந்து போய்விடும். நான் மருந்தாளுநர் ஆகமாட்டேன். மருந்துக் கடையில் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆளாகவே இருப்பேன்.

வழி இரண்டு. இப்போது ஐந்து, அடுத்து நான்கு. எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். நான் ஒரு முழு வருடம் இங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்பதையும் இப்போதே எடுத்துக்கொண்டு, கோடையோடு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்பது எடுக்கத் துறைத் தலைவியின் தனிக் கையெழுத்து வேண்டும். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒன்றில் தவறினால் மன்னிப்பு உண்டு, அடுத்த முறை அதை மட்டும் எழுதலாம். இரண்டில் தவறினால் அந்த செமஸ்டரே செல்லாது. ஒன்பதையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அதுவும் ஒரே ஒரு தவணையில்.

இங்கே என் அறைத்தோழி என்னை அக்கா என்கிறாள். வகுப்பில் மற்றவர்கள் ஆன்ட்டி என்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், "ஆன்ட்டிக்குக் காது கேக்கல போல" என்கிறார்கள். இவர்களோடு ஐந்து பாடம் உட்காருவதே எனக்குப் பெரிய வேலை.

நானாக முடிவு செய்ய முடியவில்லை. குழந்தை உங்களிடம் இருக்கிறது. அவள் எவ்வளவு நாள் தாங்குவாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். பதின்மூன்றாம் தேதிக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கடிதம் வந்து சேர எப்படியும் நான்கு நாள் ஆகும். பார்த்து எழுதுங்கள்.

மிளகு அம்மா


பிப்ரவரி 7

மிளகு அம்மாவுக்கு,

கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளி ஒரு குளியலறைக் கண்ணாடிக்கு அளவெடுக்கப் போயிருக்கிறார். அவர் அளந்துவந்தால் நான் மறுபடி ஒருமுறை போய் அளந்துவர வேண்டும். அதற்குள் முடித்துவிடுகிறேன்.

ஒன்பதையும் எடு.

நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். காரணம் வேண்டுமென்றால் இதோ. காலையில் மிளகை எழுப்புகிறேன், அவள் எழுகிறாள். பல் விளக்கு என்றால் விளக்குகிறாள். சொன்னதையெல்லாம் செய்கிறாள். முன்பெல்லாம் ஒரு செருப்பு மாட்டுவதற்குள் எத்தனை வழக்கு நடத்துவாள், நினைவிருக்கிறதா? இப்போது வாதமே கிடையாது. பள்ளி விட்டதும் கீழ்வீட்டுத் தையல்கார அக்காவிடம் உட்கார்ந்து வெட்டுத்துணியை நிறம் பிரித்துக்கொண்டிருக்கிறாள். அக்கா சொல்கிறார், "இவளை மாதிரி ஒரு ஆள் எனக்கு வேலைக்குக் கிடைச்சா போதும் தம்பி, எதிர்ப் பேச்சே இல்ல." சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோடை வரை என்றால் நான் தள்ளிவிடுவேன். ஒரு வருடம் என்றால் எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் எல்லாவற்றிலும் நீ முதல் என்று கல்யாணத்தன்று உன் அம்மா என்னிடம் சொன்னார்கள், என் அம்மாவிடம் சொன்னார்கள், புகைப்படம் எடுக்க வந்தவனிடமும் சொன்னார்கள். அந்த முதல் எதற்காவது உதவட்டும்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டால் எழுது.

மிளகு அப்பா


பிப்ரவரி 13

மிளகு அப்பாவுக்கு,

கையெழுத்து வாங்கிவிட்டேன்.

துறைத் தலைவி என் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பதா? உங்களுக்கு என்ன வயசு?"

"இருபத்தெட்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு தெரிஞ்சுக்கற வயசு வந்திருச்சான்னு பார்க்கத்தான் கேட்டேன்."

காலை எட்டு மணி வகுப்பு, மதியம் ஆய்வகம், மாலை வகுப்பு என்று அவரே ஒரு தாளில் கட்டம் போட்டு நிரப்பினார். கடைசியில் மிஞ்சிய வெற்றுக் கட்டங்களைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"சாப்பிடறது, தூங்கறது, படிக்கறது எல்லாம் இதுக்குள்ள. வீட்டுல யாராவது வற்புறுத்துறாங்களா?"

"வீட்டுல யாரும் பேசறதே இல்லை மேடம்."

அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு மாசம் பாருங்க. மார்ச் பதினாலு சாயங்காலம் வரைக்கும் நாலு பாடத்தைத் தள்ளிவைக்கலாம். அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் முடியாது" என்றார்.

அம்மா சொன்ன அந்த முதல் இடத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி எழுதியும் விட்டேன்.

மிளகு அம்மா


பிப்ரவரி 22

மிளகு அம்மாவுக்கு,

நேற்று தொலைபேசியில் அவளுக்கு என்ன சொன்னாய்? நான் ரிசீவரை அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் கொஞ்சம் கேட்டது. நரிக்கும் காக்காய்க்கும் நடுவில் திடீரென்று ஏதோ மருந்தின் பெயர் வந்தது. அப்புறம் நீ நிறுத்திவிட்டாய். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் "அம்மா யோசிக்கறாங்க" என்றேன்.

நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று எழுது. அதைத் தொலைபேசியில் கேட்டால், நீ சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாய்.

இங்கே ஒரு சின்ன மாற்றம். தையல்கார அக்காவுக்கு மகள் வீட்டில் வேலை. ஊருக்குப் போயிருக்கிறார், எப்போது திரும்புவார் என்று தெரியாது. நான் மிளகைக் கடைக்குக் கூட்டிப்போகிறேன். வெட்டும் மேசைக்குத் தூரமாக, பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேன். முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "கண்ணாடிக் கடையில குழந்தையா? பயமா இருக்கு" என்கிறார். அவள் அசையமாட்டாள் என்றேன். "அதான் இன்னும் பயமா இருக்கு" என்றார்.

நீ இதையெல்லாம் நினைத்துக் கலங்காதே. படி.

மிளகு அப்பா


மார்ச் 3

மிளகு அப்பாவுக்கு,

இதை எழுத மூன்று தாள் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன். என்னால் முடியவில்லை.

இன்று ஆய்வகத்தில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து தயாரிக்கச் சொன்னார்கள். எடை போட்டேன், கரைத்தேன், புட்டியில் ஊற்றி அளவு எழுதி ஒட்டினேன். எல்லாம் சரியாகச் செய்ததாகத்தான் நினைத்தேன். ஆய்வக உதவியாளர் என்னைவிடச் சின்னப் பையன். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே நின்றான்.

"அக்கா, புள்ளி எங்க வெச்சீங்கன்னு பாருங்க."

பார்த்தேன். பத்து மடங்கு.

"இதைக் குடிச்சா குழந்தை எந்திரிக்காதுக்கா" என்றான். திட்டவில்லை. யாருக்கும் கேட்காத மாதிரிதான் சொன்னான். நான் தொட்டியில் ஊற்றிக் கழுவினேன். கழுவிய பிறகும் அந்தப் புட்டியைக் கீழே வைக்க முடியவில்லை. ஐந்து பாடத்தில் இந்தத் தப்பு எனக்கு வராது. எனக்குத் தெரியும். நான் தூங்கியிருப்பேன்.

காலை எட்டு மணி வகுப்பில் கண் திறந்தபடியே எனக்கு எதுவும் கேட்பதில்லை. குறிப்பு எழுதுகிறேன், அறைக்கு வந்து பார்த்தால் என் கையெழுத்தை எனக்கே படிக்க முடியவில்லை. முதல் மாதத் தேர்வில் மூன்று பாடங்களில் தவறிவிட்டேன். இப்படியே போனால் இரண்டு இல்லை, நான்கில் தவறுவேன். அப்புறம் எல்லாம் செல்லாது.

பதினான்காம் தேதி மாலை அலுவலகம் மூடுவதற்குள் நான்கைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்தால் படிப்பு பிழைக்கும். ஆனால் மிளகு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்தத் தாளை நிரப்பி வைத்துவிட்டேன். கொடுக்கப் போய்ப் பாதியில் திரும்பிவிட்டேன். ஒன்பது என்று நீங்கள் சொல்லி எடுத்தது. குறைப்பதையும் நீங்கள் சொன்னால்தான் எனக்குக் கை வரும். தள்ளிவை என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுதுங்கள். உடனே.

தொலைபேசியில் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அழுவேன். நான் அழுதால் நீங்கள் கத்துவீர்கள். அவள் காது நம் இருவருக்கும் நடுவில் இருக்கிறது.

மிளகு அம்மா


மார்ச் 4

மிளகு அம்மாவுக்கு,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். இப்போது ஒன்றும் இல்லை, அவள் நன்றாக இருக்கிறாள். அதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படி.

பள்ளியில் மதிய இடைவேளைக்குப் பிறகு மிளகைக் காணவில்லை. கடைக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போவதற்குள் ஆசிரியைகள், காவலாளி, பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கட்டடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெளியே சாலைக்குப் போய்விட்டார். கிணறு ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்ட என் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்பக்கம் பழைய பெஞ்சுகள் போடும் அறை ஒன்று. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. யாரோ அவள் உள்ளே இருப்பது தெரியாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஜன்னலில் அழுக்கேறிய, மங்கலான கண்ணாடி. அதில் உள்ளே ஆள் நிற்பது தெரியாது. எனக்குத் தெரிந்தது. நாள் முழுக்க அதைத்தானே பார்க்கிறேன். கண்ணாடியை ஒட்டி ஒரு நெற்றி.

அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. எல்லோரும் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டே அங்கே நின்றிருக்கிறாள். பதில் சொல்ல முடியவில்லை.

நேற்று ஏழு மணிக்கு உன்னைக் கூப்பிட்டபோது இதை எப்படிச் சொல்வது? "எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான் சொன்னேன். அவளும் என் மடியில்தான் இருந்தாள்.

நீ சீக்கிரம் வா. ஒன்பதையும் எப்படியாவது முடித்துவிட்டுக் கோடையில் வந்துவிடு. இன்னொரு வருடம் என்று மட்டும் சொல்லாதே. என்னால் ஆகாது. நானும் மனிதன்தான்.

மிளகு அப்பா


மார்ச் 10

மிளகு அம்மாவுக்கு,

நான்கையும் தள்ளிவை. இதை மேலே எழுதிவிடுகிறேன், நீ உறையைப் பிரித்ததும் கண்ணில் படட்டும். நான்கையும் தள்ளிவை.

உன் மூன்றாம் தேதிக் கடிதம் இன்று மாலைதான் என் கைக்கு வந்தது. முதலாளி ஒரு புதுக் கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, முடிக்காமல் வரக்கூடாது என்றார். மிளகை என் தங்கை வீட்டில் விட்டேன். ராத்திரிக்கு அங்கேயே போய்ப் படுத்தேன், அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் கடிதம் காலில் இடறியது. என் நான்காம் தேதிக் கடிதத்தை நீ படித்திருப்பாய். அது உன் கடிதத்தைப் பார்க்காமல் எழுதியது. அதை மறந்துவிடு. பத்து மடங்கு என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வருடமும் பெரிதில்லை, ஒன்றும் பெரிதில்லை.

இன்று ஏழு மணிக்கு உன் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. நீ "சொல்லுங்க" என்றாய். உன் குரலிலேயே தெரிந்தது, நீ காத்திருக்கிறாய் என்று. தள்ளிவை என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. மிளகு ரிசீவரில் காதை ஒட்டி என் தோளில் சாய்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் நீ ஏன் என்பாய், நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், அப்படித்தானே அன்றைக்கும் ஆரம்பித்தது. அந்தப் பழைய அறை ஜன்னலில் பார்த்த நெற்றி கண்முன் வந்தது. "அங்க வெயில் ஜாஸ்தியா?" என்று கேட்டேன்.

நீ "பரவாயில்ல" என்றாய்.

இதை இப்போதே எடுத்துக்கொண்டு ரயில் நிலையத் தபால் பெட்டிக்குப் போகிறேன். அங்கே போட்டால் விடிகாலை வண்டியில் போகும் என்கிறார்கள். பதினான்காம் தேதிக்குள் வந்துவிடும். வந்தாக வேண்டும்.

மிளகு அப்பா


மார்ச் 16

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது.

பதினான்காம் தேதி மதியத்திலிருந்து நான் அலுவலக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நிரப்பிய தாள் கையில் இருந்தது. விடுதிக்குத் தபால் வருகிற நேரம் தாண்டியதும் அறைத்தோழியைப் பார்த்துவரச் சொன்னேன். அவள் ஓடிப் போய் வந்து கையை விரித்தாள். குமாஸ்தா ஷட்டரை அரைவரை இறக்கிவிட்டுக் குனிந்து கேட்டார்.

"குடுக்கறீங்களா இல்லையாம்மா? எனக்கு பஸ் இருக்கு."

என்னிடம் உங்கள் நான்காம் தேதிக் கடிதம் இருந்தது. சீக்கிரம் வா என்றது. இன்னொரு வருடம் என்று சொல்லாதே என்றது. அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு உங்கள் குரலைக் கேட்டேன். என் கடிதம் எட்டாம் தேதியே உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்றுதான் கணக்கு. தள்ளிவைப்பதென்றால் எப்படியாவது ஒரு வார்த்தையில் காட்டியிருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வெயிலைக் கேட்டீர்கள். அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லைங்க, போங்க" என்றேன். அவர் ஷட்டரை இறக்கினார்.

உங்களை மட்டும் சொல்லி என்ன? உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும் பரவாயில்லை என்றேன். மூன்றாம் தேதி மாலை என் குழந்தை பூட்டிய அறையிலிருந்து வந்து உங்கள் மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் குரங்கு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் குரங்கு ஒளிந்துகொள்ளும், எல்லோரும் தேடுவார்கள். அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது.

இனி ஒன்பதுதான். துறைத் தலைவியைப் பார்த்தேன். கெடு தாண்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார். வேண்டுமானால் செமஸ்டரை முழுதாக விட்டுவிடலாமாம். விட்டால் அடுத்ததில் இதே ஒன்பது, அதற்குப் பின் வாய்ப்பு இல்லை. நேற்று குளியலறையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, குழாயை மூடக் கை போகவில்லை.

என்ன செய்வது என்று நீங்கள் எழுத வேண்டாம். எழுதினால் அது எப்போது வரும்?


மார்ச் 21

மிளகு அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்வதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டும்.

இன்று மிளகைப் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் கூட்டிப்போனேன். பூட்டிய அறை விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "இப்ப வீட்டுல சண்டை உண்டா?" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"இல்லவே இல்லைங்க. ஒரு வார்த்தை கிடையாது."

"ஒரு வார்த்தைகூடவா?"

"எதுவா இருந்தாலும் தபால்ல எழுதிக்குவோம். போன்ல நல்லதா நாலு வார்த்தை, அவ்வளவுதான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மிளகு பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஒரு யானைக்குப் பச்சை நிறம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை எதிர்ல கத்தாதீங்கன்னு சொன்னேன். பேசாதீங்கன்னு சொன்னேனா?"

அவர் விடவில்லை.

"அம்மா எங்க போனாங்க, எதுக்குப் போனாங்க, எப்ப வருவாங்கன்னு யாராவது அவகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா ஏங்கிப் போயிடுவான்னு..."

"வீட்டுல பெரியவங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. அவ மட்டும் எதுக்கு சார் திறக்கணும்?"

மிளகு நிறம் அடிப்பதை நிறுத்தியிருந்தாள். குனிந்தபடியே இருந்தாள்.

வெளியே வந்ததும் கைப்பிடிச் சுவரில் அவளை உட்காரவைத்து, அம்மா மருந்து படிக்கப் போயிருக்கிறாள் என்று ஆரம்பித்தேன். எனக்கே சரியாக வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். அவள் என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை விட்டு அடுத்த ஞாயிறு கூப்பிடுகிறேன். அதற்குள் இது உன் கைக்கு வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூடுதல் நேரம் விடுவார் என்று சொல்லியிருக்கிறாய். நான் நினைப்பதை எல்லாம் அவள் எதிரிலேயே சொல்லப்போகிறேன். படிப்பை விட்டுவிட்டு வா என்பதுதான் நான் நினைப்பது. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் படித்த பிறகு எனக்கு வேறு எண்ணம் இல்லை. உனக்கும் சொல்ல இருக்கும். சொல்.

மிளகு அப்பா


ஏப்ரல் 3

மிளகு அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் ரிசீவரைப் போட்டுவிட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டீர்கள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. அதனால் இதை எழுதியாக வேண்டும்.

அதற்கு முன்பு நடந்ததை எழுதவேண்டியதில்லை. விடுதியில் எல்லோருக்கும் தெரியும். என் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். "பட்டம் வந்தா சோறு ஊட்டுமா?" என்றீர்கள். "நீங்க ஒன்பதுன்னு சொன்னதாலதான் நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். அப்புறம் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். அதன் பிறகுதான் ரிசீவர் மேசையில் மோதுகிற சத்தம் கேட்டது.

நான் வைக்கவில்லை. வைக்கக் கை வரவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு மூச்சு.

கதை சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் வாய் திறந்தேன். ஒரு கதையும் வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"மிளகு, அம்மாவும் அப்பாவும் சண்டை போடறோம். உன்னால இல்ல. அம்மாவுக்கு ஒன்பது பாடம் இருக்கு. அது ஜாஸ்தி. அதான் சண்டை. என்ன பாடம்னு சொல்லட்டுமா?"

மூச்சு அங்கேயே இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். மருந்து வேதியியல். நுண்ணுயிரியல். மருந்துச் சட்டம். புள்ளியியல். அவளுக்கு என்ன புரியும், இருந்தாலும் சொன்னேன். "அப்புறம் ஃபார்மகோக்னசி" என்றேன்.

ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்தேன்.

"ஃபார்மகோக்னசி" என்றேன் மறுபடி.

சிரித்தாள். நீங்கள் நம்பமாட்டீர்கள். மூக்கால் வருகிற அந்தச் சிரிப்பு, அடக்கப் பார்த்து முடியாமல் வருமே, அதுதான்.

"சிரிக்காத. அதுதான் அம்மாவைத் தினமும் அழவைக்குது" என்றேன். இன்னும் சிரித்தாள். நான் அழுதுகொண்டே இன்னொரு முறை சொன்னேன். பேசவில்லை. ஒரு வார்த்தையும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் ஓடிப் போய் அவளைப் பேசச் சொல்லி உயிரை வாங்காதீர்கள்.

காய்ந்த இலை, பட்டை, வேர் இவற்றைப் பொடியாக்கி நுண்ணோக்கியில் பார்த்து இன்னதென்று சொல்கிற பாடம் அது. எனக்கு எல்லாப் பொடியும் ஒன்றுபோல இருக்கிறது. வாரத்தில் இரண்டு மதியங்களை அது தின்றுவிடுகிறது. இன்று காலை துறைத் தலைவியிடம் போய், ஒன்றில் தவறினால் மன்னிப்பு உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அப்படியென்றால் நான் ஃபார்மகோக்னசியில் தவறப் போகிறேன் என்றேன்.

"பாஸ் ஆகறதுக்குத் திட்டம் போட்டு வர்றவங்களைப் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு, "மத்த எட்டுல ஒண்ணு போனாலும் எல்லாம் போச்சு, தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். உங்களுக்கும் தெரியட்டும், அவளுக்கும் சொல்லுங்கள். அந்த இரண்டு மதியங்களில் ஒன்றில் தூங்குவேன், ஒன்றில் படிப்பேன். கோடையில் வீட்டுக்கு வந்துவிடுவேன். விட்ட ஒன்றுக்கு வகுப்பு இல்லை, அடுத்த முறை தேர்வுக்கு மட்டும் வந்து எழுதலாம். எட்டும் தேறுமா என்று கேட்காதீர்கள். நுண்ணுயிரியலில் இன்னும் தத்தளிக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் உங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன், அது பயமாக இல்லை.

நேற்று கடைசியாக நீங்கள் சொன்னீர்களே, நான் குழந்தையை விட்டு ஓடிப் போகத்தான் படிப்பைச் சாக்காக வைத்தேன் என்று. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அதை இதில் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சொல்கிறேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள்.

மிளகு அம்மா